குரங்குக்குப் போன புழு

தீவில், கேம்பல் பே என்ற ஊரில் நான் அறை எடுத்திருந்த வீட்டுக்கார அக்கா முதல் மாதம் என்னை நன்றாகத்தான் கவனித்துக்கொண்டார். அவருடைய அப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று இங்கே குடியேறியவர். அக்கா தீவிலேயே பிறந்தவர். தமிழ் பேசினால் பாதி இந்தி கலந்திருக்கும்.

என் வேலை நீளவால் குரங்குகளின் உடல்நலம் பற்றியது. விடிந்ததும் ஏதாவதொரு கூட்டத்தின் பின்னால் போய், அவை போட்ட எச்சத்தைக் குப்பியில் எடுத்து வருவேன். மதியம் அறையிலேயே நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பேன். உள்காட்டுக் கூட்டத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. குடியிருப்பை ஒட்டி, குப்பைமேட்டில் மேய்ந்த கூட்டத்தில் மட்டும் மனிதர் குடலில் வாழும் புழுவின் முட்டைகள் நிறையத் தெரிந்தன. அந்தக் கூட்டத்தில் காது கிழிந்த தாய் ஒன்று, விலா எலும்பு தெரிய, குட்டியைச் சுமந்து திரியும். நம்மிடமிருந்துதான் அவற்றுக்குப் போயிருக்கிறது என்று நான் முடிவுக்கு வந்தேன்.

ஊர்க்கூட்டத்தில் பேசச் சொன்னார்கள். எனக்கு வந்த இந்தியில் நிதானமாகவே சொன்னேன்: குப்பையை மூடி வையுங்கள், நம் நோய் குரங்குக்குப் போகிறது. எனக்குப் பின் எழுந்த அரசு அதிகாரி ஒருவர் சுருக்கமாக முடித்து வைத்தார். குரங்குகளின் வயிற்றில் மனிதப் புழு இருக்கிறதாம், எல்லோரும் ஜாக்கிரதையாக இருங்கள் என்றார். கைதட்டினார்கள்.

மறுநாளே கடைத்தெருவில் "பந்தர் சே பீமாரி" என்று பேச்சு. குரங்கால் நோய். அன்று இரவு என் சாப்பாட்டுத் தட்டு அறை வாசலில் தரையில் இருந்தது.

"என்னக்கா, உள்ள வந்து சாப்பிடக் கூடாதா?"

"தப்பா நினைக்காதீங்க மேடம். சின்னவனுக்கு ரெண்டு நாளா பேட்ல தர்த், வயித்த வலிக்குதுன்னு அழறான். நீங்க அந்தக் குரங்குப் பீயத் தொட்டுட்டு வர்றீங்க."

"கையுறை போட்டுத்தான் எடுக்கிறேன். அதுவுமில்லாம, அது நம்மகிட்டேர்ந்து அதுங்களுக்குப் போனதுக்கா. அதுங்க நமக்குக் கொடுத்தது இல்ல."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "எங்கேர்ந்து போனா என்ன மேடம்? இப்ப அதுங்ககிட்ட இருக்குல்ல?"

தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன்.

தேங்காய் தின்கிறது, கூரையைப் பிரிக்கிறது என்று குரங்குகள் மேல் ஊர்க்காரர்களுக்கு ஏற்கெனவே கோபம் இருந்தது. இப்போது அதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது, அதுவும் ஆராய்ச்சிக்காரி வாயிலிருந்து. முதலில் நாய்களை ஏவினார்கள். பிறகு குப்பைமேட்டு ஓரத்தில் வாழைப்பழங்கள் கிடந்தன. யாரும் வாழைப்பழத்தை அப்படி வீசமாட்டார்கள்.

காது கிழிந்த தாயைப் புதரடியில் பார்த்தேன். வாயில் நுரை காய்ந்திருந்தது. குட்டியைக் காணவில்லை. செய்ய வேண்டியதைச் செய்தேன். குடலிலும் ஈரலிலும் துண்டு எடுத்துக் குப்பியில் போட்டேன். குப்பி மேல் வழக்கம்போல் தேதியும் எண்ணும் அழகாக எழுதினேன். அதுதான் எனக்கே பிடிக்கவில்லை.

வனக்காவலரை அழைத்துக் காட்டினேன். அவர் குச்சியால் புரட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், ஆப் ஹி நே தோ போலா தா" என்றார். நீங்கள்தானே சொன்னீர்கள்! குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. சும்மா ஞாபகப்படுத்துவதுபோல் சொன்னார். நான் பேசியதில் ஒரு சொல்லும் பிழையில்லை என்று அவரிடம் கத்தினேன். அவர் தலையாட்டினார். விஷத்தை யார் வைத்தது என்று கடைசிவரை தெரியவில்லை. யாரும் தேடவும் இல்லை.

சில வாரங்களில் அந்தக் கூட்டமே இல்லாமல் போனது. என் மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். நான் அனுப்பிய கணக்கில் இரண்டு கூட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது, அருமையான முடிவு என்று பாராட்டினார்.

"கூட்டமே செத்துப்போச்சு சார்."

"அடடா," என்றார். பிறகு, "வேற ஊர்ப்பக்கம் ஒரு கூட்டம் கிடைக்குமான்னு பாருங்க. ஒப்பிட ஒண்ணு வேணுமில்ல?"

பார்த்தேன். கடற்கரைச் சாலையில் இன்னும் தள்ளி இருந்த குடியிருப்பில் ஒரு கூட்டம் கிடைத்தது. முதல் நாள் அங்கிருந்த தேநீர்க் கடையில், எந்த வேலையாக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

"பறவை பார்க்க," என்றேன்.

கடைக்காரர் சந்தோஷமாக, கடலோரம் நல்ல கொக்குகள் வரும் என்று வழி சொன்னார். தேநீரைக் குடித்துவிட்டு எதிர்த்திசையில் நடந்தேன்.