முறுக்கி மூடிய பாட்டில்கள்

"மலைத்தேன் பாட்டில் வெடிச்சு ஒரு புள்ளைக்கு மூஞ்செல்லாம் காயமாம். எங்க மதினி சொன்னா." மதுரைப் பேருந்தில் பக்கத்தில் இருந்த கனகலட்சுமி சொன்னதும் ராமக்காள் வெடுக்கென்று திரும்பினாள்.

"எந்த ஊர்ல?"

"அது யாருக்குத் தெரியும்? வெடி கணக்கா வெடிச்சுச்சாம்."

டி. கல்லுப்பட்டிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் தேன் எடுக்கும் பன்னிரண்டு பளியர் பழங்குடிப் பெண்கள் சேர்ந்த குழுவுக்கு ராமக்காள் தலைவி. கரும்பு வெட்ட ஊர் ஊராகப் போன காலத்தில் அவள் மகள் சத்யப்ரியா ஐந்தாம் வகுப்போடு நின்றாள். மதுரையில் ஜெயினம்புவின் நாட்டு மருந்துக் கடை தேன் வாங்கத் தொடங்கிய பிறகுதான் பன்னிரண்டு வீட்டிலும் வெளியூர்ப் பயணம் நின்றது.

வீட்டுத் தேனுக்கு அவர்கள் மூடி போடுவதில்லை. பானை வாயில் துணிதான். மழைக்குப் பின் எடுத்த தேன் நீர்த்துப் புளித்துப் பொங்கும் என்பது ராமக்காளுக்குத் தெரியாததா? போன தடவை தேன் பேருந்தில் ஒழுகி நடத்துனரிடம் ஏச்சு வாங்கிய கடுப்பில், இந்த மழைத்தேனையும் "நல்லா முறுக்கி மூடுங்கடி" என்று அவளே சொல்லிவிட்டாள்.

கடை வாசலில், வெயில் படும்படி தேன் பாட்டில்கள். மூடிகள் உப்பியிருந்தன.

"வா தாயி, ஒன் சரக்கத்தான் முன்னால அடுக்கியிருக்கேன்" என்றாள் ஜெயினம்பு.

வேறு தருகிறேன் என்று நைசாக எடுத்துக்கொண்டு போய்விடலாம். அதற்குள் தேன் வாங்க வந்த ஒருத்தி பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டாள்.

"அத வைங்கம்மா!"

கத்திய கத்தலில் கடையே திரும்பியது. ராமக்காள் முந்தானையைப் போட்டு மூடியை மெல்லத் திருகினாள். உஸ்ஸென்று நுரை விரல்களில் வழிந்தது.

"என்னா இது, தேன் கேட்டா சோடா தந்திருக்க?"

"என் தப்புதேன் பாயம்மா. இறுக்கி மூடச் சொன்னது நாந்தேன்."

"ரெண்டு பேரு வாங்கிட்டுப் போயிருக்காங்க. அவங்களுக்கு மொதல்ல சொல்றேன். ஒங்கூட இனி யாவாரம் உண்டா இல்லையான்னு பெறகு பாப்போம்." ஃபோனை எடுத்த ஜெயினம்பு நிமிர்ந்தாள். "ஊர்ல இன்னும் எம்புட்டு வச்சிருக்க?"

நாற்பது பாட்டில். குழு அறையின் தகரக் கூரைக்கடியில், பரண் நிறைய. அதற்கு நேர் கீழேதான் சத்யப்ரியா தன் கைப்பிள்ளைக்குத் தொட்டில் கட்டியிருக்கிறாள். உச்சிவேளை.

பிசுபிசுத்த விரலால் ராமக்காள் மகளின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள். அடித்துக்கொண்டே இருந்தது.