உறையூரில் நழுவிய தாளம்

வீட்டிலிருந்து ஆன்லைனில் பாடும் தொழிலுக்குச் சாரீரம் இரண்டாம்பட்சம், சிக்னல்தான் பிரதானம். ஊரடங்கில் செல்போனைப் பார்த்துப் பாடிய சக பாடகர்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் எம்.ஏ. மாணவி, வீடு ஸ்ரீரங்கம். சபா ஒன்று சனிக்கிழமைதோறும் என்னை இப்படிப் பாடவைத்தது. அரங்கம் திறந்ததும் முதல் கச்சேரி எனக்குத்தான் என்று செயலாளர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன்.

சுருதி என்றால் இரைச்சல்

பாட்டை அனுப்பும் வீடியோ ஆப்புக்குத் தம்புரா ஒலி மின்விசிறிச் சத்தம் மாதிரி கேட்டிருக்கிறது. துடைத்து எடுத்துவிட்டது. என் பக்கத்தில் சுருதிப் பெட்டி அது பாட்டுக்குப் பாடுகிறது, கேட்பவர்களுக்கு ஒன்றுமில்லை. போகட்டும் என்று மேல் ஷட்ஜத்தில் நீளமாக நின்றேன். அதையும் இரைச்சல் என்று பாதியில் வெட்டிவிட்டது. நான் நின்றது நின்றதுதான் என்று மெசேஜில் வாதாடினேன். கைலாசபுரத்திலிருந்து கேட்ட ரிட்டயர்டு இன்ஜினியர் ஒருவர் அசரவில்லை. "அதெல்லாம் சரிம்மா, மூச்சு பத்தலைன்னா ஒத்துக்கணும். காலையில கொஞ்சம் ஓடிப் பாரேன்."

உறையூர் மிருதங்கம்

மிருதங்கம் வாசிக்கும் அண்ணன் உறையூரில். நடுவில் காவிரிதான், ஆனாலும் அவர் தட்டுவது அரை நொடி கழித்தே எனக்கு வரும். அதைக் கேட்டு நான் பாடினால் அவருக்கு இன்னும் தாமதமாகப் போகும். அவர் எனக்காக நிதானிக்க, நான் அவருக்காக நிதானிக்க, துரிதமான பாட்டு தாலாட்டாகிவிட்டது. போனில் எகிறினேன். அவர் சிரித்தார். "நீ இங்க இழுக்க, நான் அங்க இழுக்க, பாட்டு பாவம்மா!"

புகார்

மறுநாள் செயலாளர் கூப்பிட்டார். பொண்ணுக்குத் தாளம் நிற்கவில்லை என்று கமிட்டியில் பேச்சாம். நெட் தாமதத்துக்கு நான் எப்படிப் பொறுப்பு, ஒரே அறையில் பாடி நான் தப்பியதை யாராவது கேட்டதுண்டா என்று கேட்டேன். "கோவிச்சுக்காதம்மா. முதல் கச்சேரிக்கு வேற ஆளைப் பார்க்கலாம்ங்கறாங்க. வேணும்னா நீயே மீட்டிங்ல வந்து பேசு."

கமிட்டியின் ஆதி தாளம்

மீட்டிங்கும் ஆன்லைனில்தான். நான் வாதாடவில்லை. "நான் எண்ணறேன், எல்லாரும் மைக்கைத் திறந்து ஆதி தாளம் போடுங்க" என்றேன். போட்டார்கள். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்த மாதிரி இருந்தது. ஒருவர் வீச்சு போடும்போது இன்னொருவர் விரல் எண்ணினார். உடனே "நீங்கதான் முந்தறீங்க", "உமக்கு எப்பவுமே தாளம் வராதேய்யா" என்று அவர்களுக்குள் சண்டை. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். கடைசியில் செயலாளர் தீர்ப்புச் சொன்னார்: "இதுல யாருக்குமே தாளம் நிக்காது போலிருக்கே! முதல் கச்சேரி நீயே பாடும்மா."

அரங்கம் திறந்து நானும் பாடினேன், முன்வரிசையில் உட்கார்ந்து கமிட்டியார் போட்ட தாளம் அங்கேயும் ஆளுக்கொரு பக்கம்தான் விழுந்தது, பாவம், அன்று பழியைப் போட நெட் இல்லை.