கவுண்டருக்குப் பின்னால் ஒரு கதிரை

செவ்வாய்க்கிழமைகளில் மத்தியானம் இரண்டு மணித்தியாலம் எங்கள் மரக்கறிக் கடையை விட்டுவிட்டு நூலகத்துக்குப் போவேன். லண்டனில், எங்கள் மோர்டனில், அப்படியொரு வாசிப்பு வட்டம் இருக்கிறது. ஏழு பேர் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர், எட்டாவது ஆள் நான். இந்த வயதில் இதென்ன படிப்பு என்று என் கணவர் நக்கலடிப்பார். "உங்களுக்குக் கிரிக்கெட், எனக்கு இது. பேசாமல் இருங்கோ" என்பேன்.

போன வருடம் எங்கள் வட்டத்தில் அமெரிக்க நாவல்கள்தான் வாசித்தோம், அதுவும் உழைக்கிற சனங்களைப் பற்றியவை. அதில் ஒன்று என்னைப் பிடித்து உலுப்பிவிட்டது. பெரிய துணிக்கடையில் வேலை செய்கிற ஒரு பெண்ணின் கதை. காலையில் இருந்து கடை பூட்டும்வரை அவள் நிற்க வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் குந்தியிருக்க ஒரு கதிரை கேட்கிறாள். வாங்க வருகிறவர்களுக்கு மரியாதையில்லை என்று மேற்பார்வையாளன் மறுத்துவிடுகிறான். கால் வீங்கிச் சப்பாத்துக்குள் போகாமல் அவள் படியில் குந்தியிருந்து அழுகிற பக்கத்தில் நானும் அழுதேன்.

வட்டத்தை நடத்துகிறவர் ஒரு முன்னாள் ஆசிரியை. அந்த நாட்டில் இன்றைய வேலையாள் நாளைக்கு முதலாளி ஆகலாம் என்று எல்லாரும் நம்புகிறார்கள், அதனால்தான் பொறுத்துக்கொள்கிறார்கள் என்றார். நான் தலையை ஆட்டினேன். பன்னிரண்டு வருடம் பெற்றோல் ஸ்டேஷனில் நின்று, மிச்சம் பிடித்து, கடை போட்டவள் அல்லவா? பிறகு என் முறை வந்தது. "ஒரு கதிரை! ஒரேயொரு கதிரை போட்டால் அவனுடைய சொத்து கரைந்து போகுமா?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கொட்டித் தீர்த்தேன். ஆசிரியை கண்ணைத் துடைத்தார். எனக்கோ கால் நிலத்தில் படவில்லை.

நான் இப்படிப் பேசிக்கொண்டிருந்த நேரம் எங்கள் கடையில் நின்றவள் யார் என்று சொல்ல வேண்டும். பிரான்சில் இருந்து பிள்ளைகளின் படிப்புக்காக இங்கே வந்த ஒரு பெண். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அப்போதே மூன்று வருடமாக ஒன்பது மணியில் இருந்து ஆறு மணிவரை எங்கள் கவுண்டரில் நின்றுகொண்டிருந்தாள். காலில் நரம்பு புடைத்து நீலமாகி, பின்னேரங்களில் நொண்டுவாள். வந்த முதல் வருடமே கேட்டாள்.

"அக்கா, இதில ஒரு சின்ன ஸ்டூல் வைக்கலாமோ?"

"சனம் என்ன சொல்லும், பிள்ளை? சோம்பேறிக் கடை எண்டெல்லோ சொல்லும். நானும் நிண்டு நிண்டுதான் இவ்வளவுக்கு வந்தனான்."

"ஓம் அக்கா."

டொக்டர் நிற்காமல் இருந்து வேலை செய்யச் சொன்னார் என்று பிறகும் இரண்டு தரம் கேட்டாள். நான் தைலம் வாங்கிக் கொடுத்தேன். தீபாவளிக்குச் சேலை கொடுத்தேன். எங்கள் கடையில் முதலாளி, தொழிலாளி என்ற பேச்சே இல்லை, கூடப்பிறந்தவள் மாதிரி வைத்திருக்கிறேன் என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நாவலின் கதிரையும் அவள் கேட்ட ஸ்டூலும் என் தலைக்குள் ஒருநாளும் சந்திக்கவில்லை.

வட்டத்தில் நான் அப்படிப் பேசி இரண்டு நாள் கழித்து ஆசிரியை கறிவேப்பிலை வாங்கக் கடைக்கு வந்தார். நான் பின்னறையில் அரிசி மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது.

"உங்கள் முதலாளி எவ்வளவு நல்ல மனுசி தெரியுமா?" என்று அவர் இவளிடம் சொல்வது கேட்டது. "ஒரு கடைப் பெண்ணுக்குக் கதிரை கொடுக்கவில்லை என்று எங்களையெல்லாம் அழ வைத்துவிட்டார்."

கையில் மூட்டையோடு அப்படியே நின்றேன். இப்போது சொல்லப்போகிறாள், மூன்று வருடத்தையும் போட்டு உடைக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஓம், அவ நல்லவ" என்றாள் அவள், இங்கிலீஷில், மெதுவாக.

"நீங்களும் இடைக்கிடை குந்தியிருப்பீர்கள்தானே?"

"எனக்கு நிற்கிறதுதான் பழக்கம்."

என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது. முதலில் கோபம்தான் வந்தது. கறிவேப்பிலை வாங்க வந்தவளுக்கு ஏன் இந்தக் கதை என்று ஆசிரியையை மனதுக்குள் திட்டினேன். அவர் போன பிறகு வெளியே வந்தேன். இவள் பாவற்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அக்கா, அந்தக் கதையில கடைசியா அந்தப் பிள்ளைக்குக் கதிரை கிடைச்சதோ?"

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டாள்.

"இல்லை" என்றேன். "வேலையால நிப்பாட்டிப் போட்டாங்கள்."

"ஐயோ பாவம்" என்றாள். திரும்பவும் பாவற்காயைப் பொறுக்கத் தொடங்கினாள்.

வீட்டில் சொன்னேன். கணவர் சிரிக்கவில்லை. "ஊருக்குத்தானடியப்பா உபதேசம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போனார். நல்ல சாட்டையடி. வாங்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் முதுகு சாய்கிற உயரக் கதிரை ஒன்றைக் காரில் கொண்டுவந்து கவுண்டருக்குப் பின்னால் வைத்தேன். "இதில இரும் பிள்ளை. மூண்டு வருசம் பிந்திப் போச்சு, என்னில பிழை" என்றேன். அவளுக்குக் கண் கலங்கியது. இருந்தாள். ஒரு கிழவி வந்து வெண்டிக்காய் வாங்கினாள், காசைக் கொடுத்தாள், போனாள். சனம் ஒன்றும் சொல்லவில்லை.

நான் பின்னறைக்குப் போய்த் திரும்பி வந்தேன். சடாரென்று எழும்பி நின்றாள்.

"என்னத்துக்கு எழும்புறீர்? இரும்."

இருந்தாள். அரை மணித்தியாலத்தில் ஒரு பெட்டியோடு வந்தேன். திரும்பவும் எழும்பினாள். அன்று முழுக்க அப்படித்தான். அந்தக் கிழமை முழுக்க அப்படித்தான். கடைசியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. "எழும்பாதையும் எண்டு எத்தினை தரம் சொல்லுறது? நான் என்ன பொலிசே?" என்று கத்திவிட்டேன்.

"நான் எழும்ப வேணுமெண்டு எழும்பேல்லை, அக்கா" என்றாள், வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு. "உங்களைக் கண்டா கால் தன்ரபாட்டில எழும்புது."

நோகிற அதே கால். நான் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகுதான் அவள் இருக்க, கதிரை கிரீச்சிடுகிற சத்தம் கேட்டது.