டொயோட்டா கன்னியப்பனும் மணிக்கயிறும்

முதலியார்பேட்டையில் இறங்கி டொயோட்டா வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். பெரிய கேட், உள்ளே வெள்ளைக் கார், சங்கிலியில் நாய் என்று எதையாவது நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துவிடுவீர்கள். அங்கே தகரக் கொட்டகை போட்ட ஒரு மெஸ் இருக்கும். வாசலில் ஸ்டாண்டு உடைந்த பழைய மொபெட் ஒன்று சுவரில் சாய்ந்து நிற்கும். அந்த மொபெட்டுக்குச் சொந்தக்காரர்தான் டொயோட்டா கன்னியப்பன். வயது ஐம்பத்தேழு. கார் ஓட்டத் தெரியாது. அந்தக் கம்பெனி வண்டியில் ஒரே ஒரு தடவை ஏறியிருக்கிறார். கல்யாணத்துக்குப் போன வண்டி அது. பின்சீட்டில் ஒண்டி, மடியில் வாழைத்தாரை வைத்துக்கொண்டு போனார்.

பிறகு எப்படி வந்தது அந்தப் பெயர்? அதற்கு மில் கதையைச் சொல்ல வேண்டும். கன்னியப்பன் பதினெட்டு வயதில் மில்லுக்குப் போனவர். எந்த மில் என்பது நமக்கு எதற்கு, இப்போது அங்கே சங்கும் இல்லை, தறியும் இல்லை. ஒருநாள் ஒரு தறியில் இழை அறுந்து, துணி முழுக்கக் கோடு விழுந்துகொண்டிருந்ததைப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. தறியை நிறுத்திவிட்டார். பதினோரு நிமிடம். ஓடி வந்த மேஸ்திரி இழையைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுநாள் மெமோ வந்தது. அந்த மெமோவை ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் உறையில் போட்டு இன்றைக்கும் வைத்திருக்கிறார். முப்பது வருடமாக அந்த வயிற்றெரிச்சல் ஆறவில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதரிடம் போய், கனகசெட்டிக்குளத்தில் ஒரு காதுகுத்துப் பந்தியில், அக்கா மகன் வினோத்குமார் வாயை விட்டான். அவன் பெங்களூர்ப் பக்கம் டொயோட்டா தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். பேச்சுவாக்கில், அந்தக் கம்பெனி ஆதியில் கார் கம்பெனியே இல்லை, தறிக் கம்பெனி என்றான். சகிச்சி டொயோடா என்று ஒருவர், தச்சர் மகன், ஓர் இழை அறுந்தாலும் தானாகவே நின்றுவிடுகிற தறியைச் செய்தாராம். வெள்ளைக்காரக் கம்பெனியே காசு கொடுத்து அந்த உரிமையை வாங்கிக்கொண்டு போனதாம். அப்புறம்தான் அவருடைய மகன் கார் பக்கம் திரும்பியிருக்கிறார். இன்றைக்கும் கார் செய்கிற இடத்தில் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடும், தப்பைப் பார்த்த எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம், இழுத்தால் மணி அடிக்கும், மேலாள் ஓடி வந்து முதலில் நன்றி சொல்வார், பிறகு ஏன் ஏன் என்று ஐந்து தடவை கேட்டுத் தப்பின் வேரைப் பிடிப்பார்கள், சரியாகவில்லை என்றால் வேலையே நின்றுவிடும் என்றெல்லாம் அளந்தான்.

"மெமோ குடுக்க மாட்டாங்களா?" என்று கன்னியப்பன் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இல்லை என்றே பதில் வந்தது. அவர் இலையிலிருந்த பாயசம் ஓடி ஜமுக்காளத்தில் இறங்கியதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. பக்கத்து இலைக்காரர் மிளகாய் கடித்துவிட்டார் போல என்று தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

அன்றிலிருந்து மனிதருக்கு வேறு பேச்சு இல்லை. டாக்ஸி ஸ்டாண்டில் நிற்பவர்களும் அந்தக் கம்பெனியைப் புகழ்பவர்கள்தான். நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடியும் மூச்சு வாங்காது, விற்கப் போனாலும் விலை இறங்காது என்பார்கள். கன்னியப்பனுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. வண்டி கிடக்கட்டும், கயிற்றைப் பற்றிப் பேசுங்கள் என்பார். இப்படித்தான் காரே இல்லாத ஆளுக்குக் கார் பெயர் ஒட்டிக்கொண்டது.

பேசியதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. சண்டே மார்க்கெட்டில் ஒரு பழைய பள்ளிக்கூட மணியும் பத்து மீட்டர் நைலான் கயிறும் வாங்கி வந்து, மெஸ்ஸில் கட்டிவிட்டார்.

அந்த மெஸ் அவருடையது இல்லை. மில் பாதி நாள் ஓடிப் பாதி நாள் மூடிய காலத்தில் அவர் மனைவி செல்வாம்பாள் தொடங்கியது. இருபத்தாறு வருடமாக அந்த அம்மாள் கையால்தான் உலை கொதிக்கிறது. காய் நறுக்க ஆயம்மா, பரிமாறவும் பார்சல் கட்டவும் தேவதாஸ், மேற்பார்வைக்கு யாரும் நியமிக்காத கன்னியப்பன். கயிற்றில் மூன்று முனைகள் தொங்கின. ஆயம்மா உட்காரும் அரிவாள்மனைக்கு மேலே ஒன்று, சாப்பாட்டு மேசைப் பக்கம் ஒன்று, அடுப்பங்கரையில் ஒன்று. அடுப்பங்கரை முனையை மட்டும், நெருப்புப் பட்டுவிடுமே என்று உயரத் தூக்கிக் கட்டினார். தப்பு கண்டவர் இழுக்கலாம், முதலாளி அம்மாள் நன்றி சொல்ல வேண்டும், ஐந்து ஏன் கேட்க வேண்டும் என்று சட்டமும் சொன்னார்.

செல்வாம்பாள் நன்றி சொல்ல முடியாது என்றார். நான் என்ன மீட்டிங்கா போடுகிறேன் என்று கேட்டார். தமிழில் சொல்லக் கூச்சமாக இருந்தால் மெர்சி என்று சொல், நம் மெஸ்ஸுக்கு வருகிற பிரெஞ்சுப் பென்ஷன்காரர் தினமும் சொல்கிறாரே என்றார் கன்னியப்பன். அந்த அம்மாள் கரண்டியைக் காட்டினார்.

முதல் நாள் மட்டும் மணி பதினேழு தடவை அடித்தது. கத்தி மொக்கை என்று ஆயம்மா இழுத்தார். மின்விசிறி தன் பக்கம் திரும்பவில்லை என்று தேவதாஸ் இழுத்தான். சாப்பிட வந்த ஒருவர், ரசம் கேட்டு இழுத்தார். ஒவ்வொரு தடவையும் எல்லாரும் வேலையை அப்படியே போட்டுவிட்டு நிற்க, கன்னியப்பன் ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே போவார். அப்பளம் ஏன் உடைந்தது என்று தொடங்கி, டப்பா சின்னது, பெரிய டப்பாவில் அரிசி இருக்கிறது, அரிசி வைக்கப் பரண் இல்லை, பரணில் மில் யூனியன் நோட்டீஸ் கட்டு இருக்கிறது என்று போய், ஐந்தாவது ஏன் அரசாங்கத்தில் முடிந்தது. எந்தத் தப்பை எடுத்தாலும் அங்கேதான் போய் முடிந்தது. அதற்குள் சோறு ஆறிவிடும்.

ஆறு மாதம் இந்தக் கூத்து நடந்தது. செல்வாம்பாள் மட்டும் ஒரு தடவைகூடக் கயிற்றைத் தொடவில்லை. தன்னைக் கேலி பண்ணுகிறாள் என்று கன்னியப்பனுக்கு உள்ளுக்குள் வருத்தம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அப்போதுதான் அந்த ஆர்டர் வந்தது. தவளக்குப்பத்தில் புதிதாக ஒரு கார் ஷோரூம் திறக்கிறார்கள். எந்தக் கம்பெனிக் கார் என்று நான் சொல்லவும் வேண்டுமா? மேனேஜர் மதிவாணன் ஒருநாள் மெஸ்ஸில் சாப்பிட்டுப் பார்த்து மயங்கி, திறப்பு விழாவுக்கு நூற்றிருபது சாப்பாடு, பன்னிரண்டரைக்கு வந்துவிட வேண்டும் என்றார். பிடித்திருந்தால் ஷோரூம் ஆட்களுக்குத் தினமும் நாற்பது சாப்பாடு என்றார். சென்னையிலிருந்து ஒரு ஜப்பான் அதிகாரியும் வருகிறார் என்றார். அதைக் கேட்ட கன்னியப்பன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

செல்வாம்பாள் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "நல்லா கேட்டுக்கோ. அன்னிக்கி மணி அடிச்சுதுன்னா, கயித்த அறுத்து அடுப்புல போட்டுடுவேன். யாரு இழுத்தாலும் சரி."

விழா நாள் காலையில் மெஸ் திருவிழாப்போல இருந்தது. கன்னியப்பன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். ஆயம்மாவுக்கும் தேவதாசுக்கும் கண்ணாலேயே எச்சரிக்கை கொடுத்தார். பதினொன்றரைக்குச் சாம்பார் அண்டா தளதளவென்று கொதித்தது. செல்வாம்பாள் பின்பக்கம் வடை எண்ணெயைப் பார்க்கப் போயிருந்தார். கன்னியப்பன் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தார். உப்பே இல்லை. உப்பு ஜாடியைத் திறந்தார், இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டார், கலக்கினார், ஒன்றும் தெரியாதவர்போல வாசலுக்குப் போய்விட்டார். அவர் அந்தப் பக்கம் போக, செல்வாம்பாள் இந்தப் பக்கம் வந்து, புளி கொதித்ததும் எப்போதும் போடுகிற உப்பை எப்போதும் போலப் போட்டார்.

கால் மணி நேரம் கழித்துத் தன் கைவண்ணத்தைச் சுவைக்க ஆசைப்பட்டு, மறுபடியும் ஒரு கரண்டி எடுத்தார் கன்னியப்பன். வாயில் வைத்ததும் கண் இரண்டும் இறுகிக்கொண்டன. வைத்திக்குப்பம் கடல் தண்ணீரே தேவலை.

பாவம், அந்த மனிதர் நின்ற நிலையை என்ன சொல்ல! தேவதாஸ் பார்சல் டப்பாக்களைத் திறந்து வைத்துவிட்டான். ஆயம்மா வாளியைக் கொண்டு வந்துவிட்டார். விஷயம் வேறு ஒருவருக்கும் தெரியாது. பேசாமல் இருந்தால் கயிறு பிழைக்கும், சாம்பார் ஜப்பான்காரர் வாய்க்குப் போகும். இழுத்தால் சாம்பார் பிழைக்கும், கயிறு அடுப்புக்குப் போகும். ஆறு மாதமாக ஊராரை இழு இழு என்று சொன்னவருக்கு, தன் தப்புக்கு இழுக்க வேண்டும் என்றபோது கை எழும்பவில்லை. கயிற்றை இழுக்காமல் மனைவியிடம் போய் ரகசியமாகச் சொல்லிவிடலாமா என்றும் ஒரு நினைப்பு ஓடியது. பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் மெமோ ஞாபகத்துக்கு வந்தது. சீ, மேஸ்திரிக்குப் பயப்படாதவன் பெண்டாட்டிக்குப் பயப்படுவதா என்று தன்னையே திட்டிக்கொண்டார். உண்மையில் மேஸ்திரியைவிட செல்வாம்பாளிடம்தான் பயம் அதிகம். இருந்தும் கையை உயர்த்தி, அடுப்பங்கரைக் கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டார்.

மணி அடித்தது. தேவதாஸ் டப்பாவோடு நின்றான். ஆயம்மா வாளியோடு நின்றார். செல்வாம்பாள் வடைக்கரண்டியோடு வந்தார்.

"யாரு?"

"நான்தான்."

செல்வாம்பாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, ஆறு மாதத்தில் முதல் தடவையாக, கேள்வி கேட்கத் தொடங்கினார்.

"ஏன் இழுத்த?"

"சாம்பாரு கரிக்குது."

"ஏன் கரிக்குது?"

"உப்பு ரெண்டு வாட்டி வுழுந்துடுச்சு."

"ஏன் வுழுந்துச்சு?"

"நீ போடறதுக்கு மின்னாடி நான் போட்டுட்டேன்."

"ஏன்யா போட்ட?"

"ருசி பாத்தேன். உப்பு இல்ல. நீ மறந்துட்டன்னு..."

இருபத்தாறு வருடத்தில் நான் என்றைக்கு உப்பு மறந்தேன் என்று செல்வாம்பாள் ஒரு கத்து கத்தினார். அதில் ஏன் இல்லாததால் கன்னியப்பன் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஐந்தாவதுக்காகத் தலையைக் குனிந்து காத்திருந்தார்.

"ஏன் என்ன ஒரு வார்த்த கேக்கல?"

இந்தத் தடவை அரசாங்கத்தை இழுக்க வழியில்லை.

"அந்தக் கம்பெனிக்குப் போற சாப்பாடு. என் கையால ஒரு புடி இருக்கட்டுமேன்னு ஆசப்பட்டேன். கேட்டா வேணாம்னுடுவ."

ஆயம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். செல்வாம்பாள் அண்டாவை எட்டிப் பார்த்தார்.

"அதுக்குக் கொத்தமல்லிய கிள்ளிப் போட்டிருக்கலாமே" என்றார்.

பிறகு நடந்ததெல்லாம் வேகம். குக்கரில் பருப்பு ஏறியது. பூசணிக்காயும் கத்தரிக்காயும் புதிதாக விழுந்தன. பாதிச் சாம்பாரை வேறு அண்டாவுக்கு மாற்றி, உப்பில்லாப் பருப்பை ஊற்றி ஊற்றிச் சரிக்கட்டியதில், நூற்றிருபது பேர் சாம்பார் இருநூற்றைம்பது பேர் சாம்பாராக வளர்ந்துவிட்டது. அன்றைக்கு அந்தத் தெருவில் சாம்பார் வாங்காத வீடே இல்லை. அரியாங்குப்பம் பாலத்து நெரிசலையும் தாண்டி, டெம்போ தவளக்குப்பம் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று பத்து.

மதிவாணன் வாசலிலேயே நின்றிருந்தார். முகம் சிவந்திருந்தது. ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார். கன்னியப்பன் வாயைத் திறப்பதற்குள் செல்வாம்பாள் முந்திக்கொண்டார்.

"சாம்பார்ல ஒரு தப்பு இருந்துச்சு சார். இவரு பாத்துட்டு வேலைய நிறுத்துனாரு. சரி பண்ணிக் கொண்டாந்தோம்."

யார் தப்பு என்று அவர் சொல்லவில்லை. மதிவாணனும் கேட்கவில்லை. பசி அப்படி.

ஜப்பான் அதிகாரி ஒல்லியான இளைஞர். சாம்பாரை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். கன்னியப்பனுக்கு அவரிடம் எவ்வளவோ பேச ஆசை. மொழி இல்லை. எதிரே போய் நின்று கும்பிட்டு, கையை மேலே உயர்த்திக் கயிறு இழுப்பதுபோல இரண்டு தடவை இழுத்துக் காட்டினார். அதிகாரி எழுந்து, மரியாதையாகக் குனிந்து, கழிவறை இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். காட்டியவர் அந்தக் கம்பெனி அதிகாரியாயிற்றே! கன்னியப்பன் தட்டாமல் உள்ளே போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். தினமும் நாற்பது சாப்பாடு நாளையிலிருந்து தொடங்கட்டும் என்று மதிவாணன் சொன்னார்.

சாயங்காலம் மெஸ்ஸுக்குத் திரும்பியதும் செல்வாம்பாள் நேராகப் போய்க் கத்தியை எடுத்தார். சொன்ன சொல் மாறாதவர். கன்னியப்பன் தடுக்கவில்லை. சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே என்று சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

செல்வாம்பாள் அடுப்பங்கரைக் கயிற்றுக்குக் கீழே போய் நின்று கையை உயர்த்தினார். எட்டவில்லை. குதிகாலை எக்கினார். அப்போதும் கயிற்றுக்கும் கத்திக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

கன்னியப்பன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"செல்வா, நீ ஒரு நாளும் இழுக்கலியே. ஏன்?"

"நல்ல கேள்விதான் கேக்கற, ஆறு மாசம் கழிச்சி. உன் உசரத்துக்குக் கட்டி வெச்சிருக்க. எனக்கு எட்டல."

ஒரே ஏனில் முடிந்துவிட்டது. எல்லாரும் இழுக்க வேண்டும் என்று கட்டிய கயிற்றில், அடுப்படியிலேயே கிடக்கிற ஒருத்திக்கு மட்டும் இடம் வைக்காமல் போனேனே என்று கன்னியப்பனுக்கு அவமானமாக இருந்தது. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். பார்சல் கட்ட வைத்திருந்த கயிற்றில் மூன்று முழம் வெட்டி, முனையோடு முடிச்சுப் போட்டு, செல்வாம்பாளின் தோள் உயரத்துக்குத் தொங்கவிட்டார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மாள் பிடித்து இழுத்தார். மணி நன்றாகவே அடித்தது. வெளியே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஆயம்மா, சட்டப்படி கையை நிறுத்தினார்.

"இன்னா தப்பு?" என்று முக்காலி மேலிருந்தே கேட்டார் கன்னியப்பன்.

"காலையிலேந்து ஒரு ஆளு சாப்புடல" என்றார் செல்வாம்பாள். இலையைப் போட்டார். சோறு வைத்து, சாம்பாரை ஊற்றினார். கன்னியப்பன் உட்கார்ந்து முதல் கவளத்தை எடுத்தபோது, அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, யாருக்கோ சொல்வதுபோல, "மெர்சி" என்றார்.