கேள்வி நேரத்துக்குக் காத்திருந்த காய்

மாங்காய் விலை விழுந்த அந்த வருடம் நான் காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு தோப்பில் காவலுக்கு இருந்தேன். அதற்கு முன் ஓசூரில் ஒரு வார்ப்பட ஆலை. அதற்கும் முன் தளியில் ரோஜாக் கூடாரம். நடுவில் சிங்காரப்பேட்டைக்காரர் ஒருவரின் போர்வெல் லாரியோடு கர்நாடகம் முழுக்கச் சுற்றினேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எந்த ஊரிலும் வேர் பிடித்ததில்லை. பிடிக்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் ஒரு அம்மாள். நாற்பது வயதைத் தாண்டியவர். எல்லோருக்கும் அக்கா. வீட்டில் தெலுங்கு, தோப்பில் தமிழ், காய் ஏற்ற வரும் லாரிக்காரர்களிடம் கன்னடம். கணவர் பெங்களூரில் டெம்போ ஓட்டினார். தோப்பை அக்காதான் பார்த்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் பூ எடுப்பதற்கு முன்பே தோப்பைக் குத்தகை பேசிவிடுவார்கள். அதன் பிறகு மருந்து அடிப்பது, காவல் போடுவது, பறிப்பது, விற்பது எல்லாம் குத்தகைக்காரர் பாடு. காய் கொழித்தாலும் அவருக்கு, கொட்டினாலும் அவருக்கு.

நிலத்துக்குச் சொந்தக்காரர் ஓசூரில் இருந்தார். அந்த வருடம் பூவின்போதே வந்து அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"இந்த ஒரு சீசன் பாப்பேம்மா. குத்தகை ஒழுங்கா வந்தா தோப்பாவே இருக்கட்டும். இல்லேன்னா மனை போட்டுடுவேன். கேட்டுக்கினே இருக்காங்க, ரோட்டு ஓரம் வேற."

அவர் போன பிறகு அக்கா ஒவ்வொரு மரமாகப் போய்ப் பூவைப் பார்த்துவிட்டு வந்தார். அது அவர் பத்து வருடத்துக்கு மேலாக மருந்து அடித்து, கவாத்து பண்ணி, தண்ணீர் கட்டி வைத்திருந்த தோப்பு. பட்டாவில் அவர் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

காய் நன்றாகத்தான் பிடித்தது. எல்லாம் பெங்களூரா ரகம். மாங்கூழுக்குப் போகிற காய் அதுதான். ஆனால் ஆலைகளில் போன வருடத்துக் கூழே பீப்பாய் பீப்பாயாகத் தேங்கிக் கிடந்தது. வெளியூர்க் காய் வேண்டாம் என்று பக்கத்து மாநிலத்து ஆலைகள் சொல்லிவிட்டன. எங்கள் பக்கத்து ஆலை வாசல்களில் டிராக்டர்கள் நாள்கணக்கில் நின்றன. நின்ற இடத்திலேயே காய் பழுத்து வழிந்தது. கிடைத்த விலை பறிகூலிக்கே காணவில்லை. சிலர் பறிக்காமலே விட்டார்கள். சிலர் ஏரிக்கரையில் கொட்டினார்கள். மாடுகள் முதல் இரண்டு நாள் தின்றன, பிறகு முகர்ந்துவிட்டு நகர்ந்தன.

அக்கா மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதம் ஒருமுறை நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார். அந்தக் கூட்டத்தின் மேல் அவருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. முன்பு ஒருமுறை தோப்புப் பக்கத்து டிரான்ஸ்பார்மர் வெடித்து, தண்ணீர் இல்லாமல் பிஞ்செல்லாம் உதிர்ந்தபோது, அந்தக் கூட்டத்தில் எழுந்து கேட்டார். கலெக்டர் அங்கேயே மின்வாரிய அதிகாரியை எழுப்பி, எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்டார். அந்த வாரமே புது டிரான்ஸ்பார்மர் வந்தது. ஒருவர் கேட்பார், பொறுப்பானவர் எழுந்து பதில் சொல்வார், சொன்னது நடக்கும். கேள்வி பதில் என்றால் அக்காவுக்கு அதுதான்.

இந்த முறை கலெக்டர் முழுவதையும் கேட்டுவிட்டு, ஆதரவு விலை என்பது டெல்லியில் முடிவாக வேண்டியது என்று சொன்னார். வெளியே வேப்பமரத்தடியில் எம்பியின் ஆள் ஒருவர் நின்றிருந்தார். அவரைச் சுற்றிக் கூட்டம்.

"நாங்க கேள்வி போட்டிருக்கோம்" என்றார் அவர். "பார்லிமெண்ட் கூடுன உடனே, செவ்வாக்கெழம, விவசாய மந்திரி பதில் சொல்லணும். சொல்லியே ஆவணும்."

"சொல்லலேன்னா?" என்று ஒருவர் கேட்டார்.

"அப்படியெல்லாம் சொல்லாம போவ முடியாதுப்பா. சட்டம்."

எனக்கு அது புதிய செய்தி. நான் வேலை செய்த வார்ப்பட ஆலையில், உருக்கிய இரும்பு தெறித்துப் பக்கத்தில் நின்றவன் கால் வெந்தபோது, பூட்ஸ் எப்போது தருவீர்கள் என்று நான் சூப்பர்வைசரிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த திங்கட்கிழமை கேட்டில் என்னை உள்ளே விடவில்லை. கேட்டால் பதில் சொல்லியே தீர வேண்டிய இடம் ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது, அங்கே பதில் சொல்பவர் மந்திரி என்பதை பஸ்ஸில் வரும்போது திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன்.

அக்காவும் யோசித்துக்கொண்டுதான் வந்தார். மேட்டுப் பக்கம் இருந்த மரங்களில் காய் எப்போதும் பிந்தித்தான் முற்றும். தோப்பில் மூன்றில் ஒரு பங்கு அது. மற்றதெல்லாம் கிடைத்த விலைக்குப் போய்விட்டது. மேட்டுக் காயை மந்திரி பதில் சொல்லும்வரை மரத்திலேயே வைத்திருப்பது என்று முடிவு செய்தார். டெல்லியையும் அவர் கொஞ்சம் பெரிய குறைதீர் கூட்டமாகத்தான் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தப் பக்கத்தில் இன்னும் பல தோப்புக்காரர்கள் அப்படி நினைத்துக் காயை நிறுத்தி வைத்தார்கள்.

தரகர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மேட்டைப் பார்த்தார்.

"என்னாக்கா, காயை மரத்துலயே விட்டுட்ட? ஊறுகா போடப் போறியா?"

"மந்திரி பதில் சொல்லட்டும்பா."

"மந்திரி வந்து உன் மரத்துல ஏறிப் பறிப்பாரா? இன்னிக்கு வெலை நான் சொல்றேன். மொத்தமா தூக்கிக்கறேன். நாளைக்கு இதுவும் இருக்காது."

"நீ சொல்ற வெலைக்கு நான் பறிகூலிய கையில இருந்து போடணும். கெளம்பு."

"அப்ப டெல்லிக்கே லாரி அனுப்பு. வழி தெரியுமா?"

அவர் சிரித்துக்கொண்டே போனார். அக்கா கோபப்படவில்லை. தரகர் சொன்ன விலையை மட்டும் கணவரிடம் போனில் சொன்னார். மறுமுனையில் கணவர் கொடுத்துவிடு என்றிருக்க வேண்டும். "செவ்வாக்கெழம வரைக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மழை தொடங்கிவிட்டது. முற்றிய காய் காம்பில் நிற்காது. காலையில் மேட்டுப் பக்கம் போனால் இரவில் விழுந்தவை வெடித்துக் கிடக்கும். ஈ மொய்க்கும். நான் பொறுக்கிக் குழியில் போடுவேன். அக்கா குழிப் பக்கம் வருவதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மோட்டார் ரூமில் உட்கார்ந்தோம். என் போனில் பார்லிமெண்ட் நேரலையைப் போட்டு மூட்டை மேல் சாய்த்து வைத்தேன். பக்கத்து மாங்கூழ் ஆலையில் பாய்லர் பார்த்த வடக்கத்தி ஆள் ஒருவரை அக்கா அழைத்து வரச் சொல்லியிருந்தார். இந்தி தெரிய வேண்டுமே. என் வயதுக்காரர், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், தமிழ் ஓரளவு பேசுவார். வரும்போது தலைவாரி, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

சபை கூடியது. முதல் கேள்விக்கு ஒரு மந்திரி எழுந்தார். ரயில்வேயோ வேறு எதுவோ. எங்கள் கேள்வி பட்டியலில் பின்னால் இருந்தது என்று எம்பியின் ஆள் சொல்லியிருந்தார். மந்திரி நான்கு வாக்கியம் பேசுவதற்குள் ஒரு பக்கம் முழுக்க எழுந்து நின்று கத்தத் தொடங்கியது. எதற்கென்று எங்களுக்குத் தெரியவில்லை. ஏதோ பெரிய விஷயமாகத்தான் இருக்க வேண்டும்.

"பெரிய நாற்காலியில இருக்கறவரு என்னா சொல்றாருப்பா?" என்று அக்கா கேட்டார்.

"உட்காருங்க சொல்றாரு."

"யாரை?"

"எல்லாரையும்."

கொஞ்ச நேரம் கழித்து அக்கா மறுபடி கேட்டார். "இப்ப?"

"இப்பவும் உட்காருங்க."

"நம்ம கலெக்டர் ஆபீஸ்ல ஒரு தடவை சொன்னாலே உக்காந்துடுவாங்களே" என்றார் அக்கா.

வடக்கத்தியார் சிரிக்கவில்லை. போனுக்குக் குனிந்து கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்காக ஒரு சொல்லும் விட்டுவிடக் கூடாது என்று நினைத்தார் போல. பிறகு நிமிர்ந்தார். "பன்னெண்டு மணி வரை பந்த் பண்ணிட்டாங்க அக்கா."

"பன்னெண்டுக்கு நம்ம கேள்வி வருமா?"

பன்னிரண்டோடு கேள்வி நேரம் முடிந்துவிடும் என்பது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. பன்னிரண்டு மணிக்குச் சபை கூடியது. யார் யாரோ எழுந்து காகிதங்களை மேசையில் வைப்பதாகச் சொன்னார்கள். வேறு வேலை தொடங்கியது. மறுபடி சத்தம், மறுபடி ஒத்திவைப்பு. மந்திரி மாங்காய் என்று ஒரு சொல் சொல்லவில்லை. வடக்கத்தியாருக்கு ஷிப்ட் நேரம் ஆகிவிட்டது. போகும்போது, தானே ஏதோ தவறு செய்துவிட்டவர் போல, "மாப் கரோ அக்கா" என்றார்.

மாலையில் எம்பியின் ஆள் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினார். கேள்வி நேரம் நடக்காவிட்டாலும் பதில் போய்விடாதாம். எழுதிக் கொடுத்த பதில் மேசையில் வைத்ததாகவே கணக்காம். அந்தப் பதிலையும் தமிழில் சொன்னார். விலை விழும்போது தலையிட ஒரு திட்டம் இருக்கிறது. மாநில அரசு முன்மொழிவு அனுப்ப வேண்டும். வந்தால் விதிகளின்படி பரிசீலிக்கப்படும்.

அக்கா அதை இரண்டு முறை போடச் சொல்லிக் கேட்டார்.

"மரியாதையாத்தான் சொல்லியிருக்காரு" என்றார். பிறகு, "இதுல பொய்யும் இல்ல தம்பி. இல்லையா?"

"இல்லக்கா."

"அப்ப காலையில ஆளுங்கள வரச் சொல்லு."

மறுநாள் மழையோடு பறித்தோம். பாதிக் காயில் கரும்புள்ளி விழுந்திருந்தது. டிராக்டரில் ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போனால் வாட்ச்மேன் கேட்டுக்கு உள்ளே இருந்தே கையை அசைத்தார். இந்த வருடத்துக்குக் கொள்முதலை நிறுத்தி இயந்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டார்கள். தரகர் போனை எடுக்கவில்லை. கடைசியில் அக்காவின் கணவர் டெம்போவைக் கொண்டுவந்தார். புள்ளி இல்லாத காயைப் பொறுக்கி ஏற்றி, அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூர்த் தெருக்களில் நிறுத்தி நிறுத்தி விற்றோம். காயைக் கீறி மிளகாய்த்தூள் தூவித் தள்ளுவண்டியில் விற்பவர்கள் கொஞ்சம் எடுத்தார்கள். குத்தகைக்கு அது எந்த மூலைக்கும் காணாது. அக்கா வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து கன்னடத்தில் கூவினார். நன்றாகவே கூவினார்.

நிலத்துக்காரர் சர்வேயரோடு வந்தார். கெட்டவர் இல்லை. மேட்டில் வெட்டிய குழியை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"இன்னொரு வருஷம் குடுங்கண்ணா" என்றார் அக்கா.

"என்னாம்மா பண்றது. நானும் பாத்துட்டேன். எனக்கு வயசாவுது."

அன்றைக்கே கல் நட்டார்கள். மரங்களை அறுக்க மில்காரர்கள் வந்தபோது நான் கிளம்பிவிட்டேன். அக்கா ஓசூரில் ஒரு ஆலைக் கேண்டீனில் வேலைக்குச் சேர்ந்தார். நான் சூளகிரிப் பக்கம் ஒரு ஹாலோ பிளாக் கம்பெனிக்குப் போனேன்.

சீசன் முடிந்து, ஊரே மாங்காயை மறந்திருந்த ஒரு நாள் அக்கா போன் செய்தார். "வெள்ளிக்கெழம குறைதீர் கூட்டம். வரியா? அந்த மந்திரி பதில் உன் போன்ல இருக்குதில்ல, அத்த அழிச்சிடாத."

போனேன். கூட்டத்தில் ராகி, கரும்பு, யானைத் தொல்லை என்று போய்க்கொண்டிருந்தது. அக்காவின் முறை வந்ததும் எழுந்தார். டெல்லியில் மந்திரி சொன்ன பதிலைத் தட்டுத் தடங்கல் இல்லாமல் சொன்னார். மாநிலத்தில் இருந்து முன்மொழிவு போனால்தான் பார்ப்பார்களாம், அது போயிருக்கிறதா, இல்லையென்றால் எப்போது போகும் என்று கேட்டார்.

தோட்டக்கலை அதிகாரி மைக்கை இழுத்தார். "இப்ப மாங்கா சீசனே இல்லையேம்மா?"

"அதுக்குத்தானுங்க இப்ப கேக்கறேன். டெல்லி கூடறதுக்குள்ள காய் முடிஞ்சு போவுதுங்க. பூ எடுக்கறதுக்கு முன்னாடி எழுதினாத்தான் காய்க்கு ஆவும்."

"உங்க தோப்பு எந்த ஊர்ல?"

"எனக்குத் தோப்பு இல்லீங்க. மனை போட்டுட்டாங்க."

பின்வரிசையில் ஒருவர், "தோப்பே இல்லாத அம்மாவுக்கு என்னாத்துக்குக் கேள்வி? நேரத்த எங்களுக்குக் குடுங்க" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அக்கா திரும்பி அவரைப் பார்த்தார். "உனக்குத் தோப்பு இருக்குதாண்ணா?"

"இருக்குது."

"பெங்களூராவா?"

"ஆமா."

"அப்ப உக்காரு. உனக்கும் சேத்துத்தான்."

சிரிப்பு அடங்கும்வரை கலெக்டர் காத்திருந்தார். முன்மொழிவு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டு, அடுத்த கூட்டத்தில் எழுத்தில் பதில் கொடுங்கள் என்று அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி குறித்துக்கொண்டார்.

"அடுத்த கூட்டம் பூவுக்கு முன்னாடிதானுங்களே?" என்று அக்கா கேட்டார்.

"முன்னாடிதாம்மா" என்றார் கலெக்டர்.

அடுத்தவரை அழைத்தார்கள். வெளியே வந்ததும் அக்கா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். ஓசூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகச் சொன்னார்.

"அடுத்த மாசமும் ஒரு நாள் லீவு சொல்லணும் தம்பி. சூப்பர்வைசர் மூஞ்சத் தூக்குவான். பரவால்ல, கேட்டுட்டோம். பதில வாங்கிக்க ஆள் இருக்கணுமில்ல."