பாகூர் மேடைக்குப் பின்னால் பதினான்கு ஊக்குகள்

ஃபேஷன் ஷோக்களில் மேடைக்குப் பின்னால் மாடல்களுக்கு உடை மாற்றிவிடுவது என் தொழில். டிரஸ்ஸர் என்பார்கள். சென்னை ஓட்டல்களின் ஏசி குளிரிலேயே பத்து வருஷம் ஓட்டிவிட்ட எனக்கு, போன மாதம் பாகூரில் ஒரு கைத்தறிப் புடவை ஷோவுக்கு அழைப்பு வந்தது. கல்யாண மண்டபத்தில் மாலை நான்கு மணிக்கு. இதே வேலையாக அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

காலை ஐந்தரைக்குத் திருவான்மியூரில் பஸ் ஏறி, ஒன்பதரைக்குப் புதுச்சேரி. அங்கிருந்து பாகூர் இருபது கிலோமீட்டர். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய், ஐம்பது நிமிடம். ஜன்னல் சீட் பிடியுங்கள், கடைசிப் பாதி முழுக்க நெல்லும் கரும்பும்தான். மண்டபத்துக்கு ஆட்டோ அறுபது ரூபாய்.

"மண்டபத்துல இன்னாம்மா விசேஷம்? பொண்ணு மாப்ள போர்டே காணோமே?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஃபேஷன் ஷோங்க."

"அப்ப சாப்பாடு கெடையாதா?"

எனக்காக அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

மணமகள் அறைதான் எங்களுக்கு உடை மாற்றும் இடம். அங்கே எனக்குத் துணையாக ஏம்பலத்துச் செல்வி காத்திருந்தார். வில்லியனூர் பக்கத்துக் கல்யாணங்களில் மணப்பெண்ணுக்குப் புடவை கட்டிவிடுகிறவர். இன்று சரியாகச் செய்தால் தன் குழுவில் சேர்த்துக்கொள்வதாக ஷோவை நடத்தும் டிசைனர் சொல்லியிருந்தாராம். நான் பாடம் எடுத்தேன்: போன் பைக்குள் இருக்க வேண்டும், யார் உடம்பைப் பற்றியும் பேசக்கூடாது, அடுத்தவர் உடைகள் தொங்கும் ஸ்டாண்டில் கை வைக்கக்கூடாது.

"பொண்ணு ரூம்லயும் அதாங்கா. வாயத் தொறந்தா வம்பு," என்றார் செல்வி.

எல்லாம் சொன்ன நான் ஒன்றை விட்டுவிட்டேன். கல்யாணப் புடவை நாள் முழுக்க அசையாமல் நிற்க வேண்டும். மேடைப் புடவை மூன்றே நிமிடம் நின்றால் போதும், பிறகு ஒன்றரை நிமிடத்தில் அவிழ வேண்டும். செல்வி முதல் மாடலுக்குப் பதினான்கு ஊக்கு குத்தியிருந்தார். அந்தப் பெண் ஓடி வந்து நின்றதும் நாங்கள் இருவரும் கழற்றுகிறோம், கழற்றுகிறோம், தீரவே இல்லை. வெளியே காலி மேடைக்குப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

டிசைனர் உள்ளே வந்தார். "யார் கட்டினது இது?"

நான் வாய் திறக்கவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"நான்தான் மேடம். கல்யாணத்துக்குக் கட்டற மாரி கட்டிட்டேன்," என்றார் செல்வி.

பிறகுதான் எனக்கு நாக்கு வந்தது. "சொல்லித் தராதது என் தப்பு, மேடம்." டிசைனர் அடுத்த மாடலைப் பார்க்கப் போய்விட்டார். செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அடுத்த புடவையை மூன்றே ஊக்கில் கட்டி அனுப்பினார்.

ஐந்தரைக்கு ஷோ முடிந்தது. துணிகளைச் சென்னைக்கு ஏற்றிப்போகும் வேன் ஹாரன் அடிக்க, செல்வி மட்டும் அந்த முதல் புடவையைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பதினாலு குத்துனேங்கா. டப்பால பதிமூணுதான் கீது."

"விடு செல்வி, வேன் நிக்குது."

"நாளைக்கு இன்னொரு பொண்ணு கட்டிக்கும். வயித்துல குத்திட்டா?"

தாமதம் ஏன் என்று பார்க்க வந்த டிசைனரும் மண்டியிட்டார். மூன்று பேரும் மடிப்பு மடிப்பாகத் தடவினோம். திடீரென்று "அம்மா!" என்று அலறினார் டிசைனர். ஊக்கு கிடைத்துவிட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டே செல்வியைப் பார்த்தார், திட்டவில்லை.

போகிறவர்களுக்கு: கறுப்பு உடை, சத்தம் வராத செருப்பு, சின்னக் கத்தரிக்கோல் போதும். மதியச் சாப்பாட்டைப் பாகூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் முடித்துக்கொள்ளுங்கள், எண்பது ரூபாய். எனக்கு ஆறே முக்காலுக்குத் திரும்பும் பஸ் கிடைத்தது. ஊக்குகளை எண்ணிக் குத்துங்கள், எண்ணி வாங்குங்கள். தப்பு உங்களுடையது என்றால் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பத்து வருஷம் கழித்து நான் பாகூரில்தான் அதைக் கற்றேன்.

நேற்று அந்த டிசைனரிடமிருந்து அடுத்த ஷோவுக்கான பட்டியல் வந்தது. டிரஸ்ஸர்களில் முதல் பெயர் செல்வி. அதற்குக் கீழே வசந்தி, அதாவது நான். அகர வரிசைப்படி போட்டிருக்கிறார்கள் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.