முழங்காலால் பாடியது

தைராய்டு ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் நான் முதலில் கேட்டது தண்ணீர். நர்சுக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டேன். இந்த முறை எனக்கே கேட்கவில்லை. டாக்டர் வந்து, குரல் நரம்பு ஒன்று கோபித்துக்கொண்டிருக்கிறது, சில மாதத்தில் சமாதானமாகிவிடும் என்றார். அது சமாதானமாகவில்லை. காற்றோடு கலந்த ஒரு கிசுகிசுப்பு மட்டும் மிஞ்சியது.

நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். பேசித்தான் பிழைப்பு. தொழில் போச்சு என்று வீட்டில் எல்லாரும் முடிவு கட்டினார்கள். நடந்தது வேறு. நான் பேசினால் ஏதோ ரகசியம் சொல்வதுபோல் இருந்ததால் ஆட்கள் காதைக் கிட்டே கொண்டுவந்து கேட்டார்கள். கேட்டவர்கள் கையெழுத்தும் போட்டார்கள். அந்த வருடம் எனக்குப் பாலிசி கூடுதலாகத்தான் சேர்ந்தது.

போனது பாட்டு. கேரளத்தின் தெற்கு ஓரத்தில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், ஒரு ஆராதனை தமிழிலும் இன்னொன்று மலையாளத்திலும் நடக்கிற பழைய மிஷன் சபை எங்களுடையது. கல்யாணமாகி இங்கே வந்த நாள் முதல் தமிழ் ஆராதனையில் பாட்டை எடுத்துக் கொடுத்தவள் நான். எடுத்துக் கொடுப்பது என்றால், முதல் வரியைப் பாடிச் சபையை உள்ளே இழுத்துவிடுவது. எங்கள் சபைக்கு ஒரு குணம் உண்டு. கீபோர்டு ஒரு வரியை முடித்துவிட்டுச் சாயா குடிக்கப் போன பிறகும் சபை அதே வரியில் நிற்கும். அவர்களை நகர்த்துவதற்கு ஒரு குரல் வேண்டும். அத்தனை பேரும் என் குரலுக்குப் பின்னால் வரும்போது உண்டாகிற சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் உண்டானதில்லை. கல்யாணத்திலும் இல்லை. இதை என் கணவரிடமே சொல்லியிருக்கிறேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு பாடகர் குழுத் தலைவர், "அக்கா, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க" என்று பெண்கள் பக்கத்து மூன்றாம் பெஞ்சைக் காட்டினார். நல்ல மனிதர், என்னைவிட இளையவர். கொஞ்ச நாள் ஒரு வருடம் ஆனது. பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பார்த்துப் "பாவம்" என்றார்கள். எங்கள் ஊரில் ஒருவரை அன்போடு பாவம் என்று சொல்லிவிட்டால் அதற்கு அப்பீல் கிடையாது.

அப்படி இருந்தபோதுதான் ஒரு பாலிசி விஷயமாக, எங்கள் ஊரில் வந்து குடியேறியிருந்த ஒரு அம்பூரிக் குடும்பத்தின் வீட்டுக்குப் போனேன். மனைவி நர்ஸ். குடும்பமாக அமெரிக்காவில் இருந்துவிட்டு, அவளுடைய அப்பாவைப் பார்த்துக்கொள்ளத் திரும்பி வந்திருந்தார்கள். கணவர் அங்கே என்ன வேலை பார்த்தார் என்று கேட்டேன்.

"அவளுக்கு எப்பளும் நைட் டூட்டியாக்கும் அக்கா. நான் பிள்ளைய உறக்கிப் போட்டுட்டு இத படிச்சேன்" என்று ஹாலில் நின்ற ஒரு சாமானைக் காட்டினார்.

நான்கு காலில் நிற்கிற குறுகிய மேசை. மேலே பத்துக் கம்பிகள். கீழே பெடல்கள். முழங்கால் படுகிற இடத்தில் இரும்பு லிவர்கள் தொங்கின. பெடல் ஸ்டீல் கிட்டார் என்றார். மடியில் வைத்து வாசிக்கிற கிட்டாரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். மடியை உள்ளே வைத்து வாசிக்கிற கிட்டாரை அன்றுதான் பார்த்தேன். இடது கையில் ஓர் உருளை இரும்பைப் பிடித்துக் கம்பிமேல் நகர்த்த வேண்டும். அதற்குப் பெயர் பார். வலது கை விரல்களில் உலோக நகங்களை மாட்டி மீட்ட வேண்டும். பெடலை மிதித்தாலோ முழங்காலால் லிவரைத் தள்ளினாலோ, ஒலித்துக்கொண்டிருக்கிற கம்பி அடியிலிருந்து இழுபட்டு, சுரம் வழுக்கிக்கொண்டு மேலே போகும்.

அவர் ஒரு வரி வாசித்தார். வார்த்தையை மறந்துபோன ஒருவர் ராகத்தை மட்டும் விடாமல் பாடுவதுபோல் இருந்தது. கீபோர்டில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவத்தான் முடியும். இது நடந்து போனது. பையிலிருந்து எடுத்த பாலிசிப் பேப்பரை நான் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

"எனக்கு இது படிக்க ஒக்குமா தம்பி?"

"காது உண்டா?"

"காது உண்டு. தொண்டைதான் இல்ல."

"அப்பம் ஒக்கும்" என்றார்.

படிக்கிறவர்களுக்கான பழைய, சிறிய கிட்டார் ஒன்று அவரிடம் இருந்தது. அதை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பாலிசி எடுக்கவைக்கப் போனவள் நான்கு காலுள்ள ஒன்றை இறக்குவதைப் பார்த்து, காட்டாக்கடையில் ரப்பர் ஷீட் கடை வைத்திருக்கிற என் கணவர், "அப்பம் அவங்க எடுக்கல்லியா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வீட்டு அம்மா மறுநாளே ப்ளவுஸ் துணியோடு வந்துவிட்டார். "தையல் மிஷின் கொண்டு வந்தது கண்டேன் மக்கா. இது எனக்க அளவு ப்ளவுசு. லைனிங் வேண்டாம்." கிட்டார் என்று சொன்னேன். என் குரலில் அது அவருக்கு வேறு ஏதோவாகக் கேட்டிருக்க வேண்டும். "கெடக்கட்டும், பைய தைச்சாப் போரும்" என்று துணியை வைத்துவிட்டுப் போனார். அதைத் தனுவச்சபுரத்தில் ஒரு தையல்காரியிடம் கொடுத்துத் தைத்து வாங்கிக் கொடுத்தேன். கை நன்றாக அமைந்திருக்கிறது என்று என்னைப் பாராட்டினார்.

வாரத்தில் இரண்டு வகுப்பு. எங்கள் பக்கம் சொல்லித்தருகிற யாரும் சார்தான் என்பதால், வயதில் எவ்வளவோ இளையவரான அவரை நான் வகுப்பில் சார் என்றேன். அவர் என்னை அக்கா என்றார். வகுப்பு முடிந்ததும் அவர் தம்பியாகிவிடுவார்.

முதலில் அவர் பெடலைத் தொடவே விடவில்லை. ஒரே ஒரு கம்பி. போனில் தம்புரா ஓடும். இந்தக் கிட்டாரில் கோடுகள் வெறுமனே வரைந்தவைதான், விரலைப் பிடித்து நிறுத்துகிற தடுப்பு கிடையாது. பாரைக் கோட்டுக்கு நேர் மேலே வைத்து, தம்புராவும் கம்பியும் ஒன்றாகிற இடத்தைக் காதால் பிடிக்க வேண்டும். மயிரிழை தள்ளினாலும் பிசகும். பிசகியது. அடுத்த பாடம், நிறுத்துவது. மீட்டிய கம்பியை உள்ளங்கை ஓரத்தால் அடக்கிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் எல்லாக் கம்பியும் கமிட்டி கூட்டம்போல் ஒன்றாகப் பேசும்.

வலது காலுக்குச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற தனிப் பெடல் உண்டு. அதை எனக்குத் தரவே இல்லை. "அது தந்தா, தெற்றுன எடத்துல எல்லாம் சத்தத்தக் கொறச்சு ஒளிப்பீங்க. தெற்று நல்லா கேக்கட்டும் அக்கா" என்றார். தெற்று என்றால் தப்பு. கேட்டது. "ரேடியோவுல ஸ்டேஷன் தேடுன மாதிரி கெடக்கு" என்றார் என் கணவர். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அப்படித்தான் இருந்தது.

காலையில் சமையலுக்கு முன்பும் சாயங்காலம் விளக்குப் போடுவதற்கு முன்பும் பயிற்சி. யூடியூப் பார்க்கக்கூடாது. புதிய பாட்டைத் தொடக்கூடாது. ஒருநாள் விட்டாலும் அவருக்குத் தெரிந்துவிடும். அந்தக் காது எப்படிப்பட்ட காதாக இருக்க வேண்டும் என்று வியந்துபோய் அவரிடமே கேட்டேன். "உங்க வீட்டு அண்ணன் வாட்ஸப்புல சொன்னாரு" என்றார்.

முழங்கால் லிவருக்கு வந்தபோதுதான் வினை வந்தது. அன்று அவர் சொன்ன வார்த்தை எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. "முட்ட இடத்தோட்டு தள்ளுங்க. முழுசா வலிச்ச பொறவுதான் விடணும். அரகொறையா விடப்பிடாது." முழங்காலை இடது பக்கம் தள்ள வேண்டும் என்று புரிந்தது, தலையாட்டினேன். அதன்பிறகு அவருடைய மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததால் கொஞ்ச வாரம் வகுப்பு இல்லை.

வீட்டில் உட்கார்ந்து முழங்காலால் லிவரைத் தள்ளினேன். வலிக்கவில்லை. பிடித்துக்கொண்டேன். அப்போதும் வலிக்கவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கிப் பழகிய முழங்கால், அது அவ்வளவு லேசில் வலிக்காது. சுரம் மேலே போய் அங்கேயே நின்றது. ஒலி தேயத் தேயத் திரும்ப மீட்டிக்கொண்டு நான் வலிக்காகக் காத்திருந்தேன். வலித்ததும் விட்டேன். இப்படியே காலையும் மாலையும். சங்கீதம் என்றால் கஷ்டப்படத்தான் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படி இறங்கும்போது "கர்த்தாவே" என்று சொல்ல ஆரம்பித்தேன். என் கணவர் தைலம் தேய்த்துவிட்டார். கிட்டார் வாசித்து முழங்கால் போகும் என்பதை மட்டும் அவர் கடைசிவரை நம்பவில்லை.

வகுப்பு திரும்பத் தொடங்கியபோது வாசிக்கச் சொன்னார். லிவரைத் தள்ளிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"விடுங்க அக்கா."

"இன்னும் வலிக்கல்ல சார்."

"வலிச்சாச்சே."

"அது எனக்கல்லவா தெரியும்?" என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

அவர் கிட்டாருக்கு அடியில் குனிந்து பார்த்தார். கம்பி முழுக்க இழுபட்டுத்தான் இருந்தது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அவர் மலையாளத்தில் படித்தவர், நான் தமிழில் படித்தவள் என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. அவர் வலிக்கச் சொன்னது கம்பியை. மலையாளத்தில் வலிப்பது என்றால் இழுப்பது. இது எனக்குத் தெரியாததல்ல. வடம் வலிக்கிறவர்களையும் பீடி வலிக்கிறவர்களையும் தினம் பார்க்கிறேன், அவர்களிடம் எங்கே நோகிறது என்று கேட்டதில்லை. இரண்டு பாஷையையும் ஒரே வாயில் பேசுகிறவர்கள் நாங்கள். ஆனால் படிப்பு என்று வந்தால் பள்ளிக்கூடத்துத் தமிழ் தனியாக வந்து முன்னால் உட்கார்ந்துகொள்ளும்.

அவர் சிரிக்கவில்லை. அதற்காக அவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

"முட்டு நோவுற வரைக்கும் பிடிச்சீங்களா?"

"ஆமா."

"டெய்லி?"

"காலத்தயும் வைகிட்டும்."

"இன்னும் ஒருக்கா பிடிங்க" என்று தம்புராவைப் போட்டார். பிடித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். "இது அசையாம நிக்குது, கேட்டேளா" என்றார். இழுபட்ட சுரத்தை அவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டே இருந்ததில், அது கொஞ்சம் பிசகினாலும் பாரைத் தன்னால் திருத்திக்கொள்ளக் கை பழகியிருந்தது. வேறு ஒருவராக இருந்தால் தவறைத் திருத்திவிட்டுப் பழைய பாடத்துக்குப் போயிருப்பார். அவர் பாடத்தையே மாற்றினார். எந்த வரியையும் நான் முதலில் என் கிசுகிசுப்பில் பாடிக் காட்ட வேண்டும். எங்கே நீட்டுகிறேன், எங்கே விடுகிறேன் என்று கவனிக்க வேண்டும். பிறகு கை, கால், முழங்கால் எல்லாம் அதையே செய்ய வேண்டும். ஒளிந்துகொள்ள இடம் தேடாத நிலைக்கு நான் வந்துவிட்டேன் என்று தோன்றியபோது வலது கால் பெடலையும் தந்தார்.

அறுப்பின் பண்டிகை வந்தது. வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, சேவல், ரப்பர் ஷீட் என்று விளைந்ததை எல்லாம் சபைக்குக் கொண்டுவருவார்கள், ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். காணிக்கையைத் தூக்கிக்கொண்டு வரும்போது பாடுகிற பாட்டு எப்போதும் என்னுடையதாக இருந்தது. பாடகர் குழுத் தலைவரிடம் போய் அந்த ஒரு பாட்டைக் கேட்டேன்.

"ஸ்பெஷல் பாட்டாட்டு வாசிங்க அக்கா. எல்லாரும் கேப்பாங்க."

"எல்லாரும் கேக்கண்டாம். எல்லாரும் பாடணும். நான் எடுத்துத் தாறேன்."

அவர் முகத்தில் பாவம் பாதி எழுதியிருந்தது. ஆனால் ஒத்துக்கொண்டார். இது சரிவராவிட்டால் மூன்றாம் பெஞ்சுதான் என் பெஞ்சு என்று எனக்குத் தெரியும். யாரும் திட்டமாட்டார்கள். கைதட்டியே என்னை அங்கே உட்கார வைத்துவிடுவார்கள்.

அன்று ஆம்ப்ளிஃபயருக்கு வாழைக்குலைக்கும் சேவலுக்கும் நடுவில்தான் இடம் கிடைத்தது. பிரசங்கம் முழுவதற்கும் சேவல் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு நான் முதல் வரியை வாசித்தேன். ஒருவரும் பாடவில்லை. எங்கள் ஆட்கள் மரியாதை தெரிந்தவர்கள். யாராவது எதையாவது வாசித்தால் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்கள். கேட்டார்கள். சிலர் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். கீபோர்டு வாசிக்கிறவரும் கையை எடுத்துவிட்டுக் கேட்டார். பாடுங்கள் என்று வாயால் சொன்னால் முதல் பெஞ்சுக்குக்கூடக் கேட்காது.

முதல் வரியைத் திரும்ப வாசித்தேன். முதல் தடவை அழகாக வாசிக்கப் பார்த்திருந்தேன், இந்தத் தடவை அழகை விட்டேன். சபை எந்த வேகத்தில் இழுக்குமோ அதே வேகத்தில் வாசித்து, இரண்டாம் வரிக்குப் போகாமல் நிறுத்தினேன். வாசலில் வாழைக்குலையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். பாட்டு தொடங்கினால்தான் அவர் நடக்க முடியும். குலை பெரிய குலை. அவர் பொறுமை இழந்து இரண்டாம் வரியைப் பாட ஆரம்பித்தார். ஆண்கள் பக்கம் சேர்ந்தது. பிறகு மூன்றாம் பெஞ்சு சேர்ந்தது. பிறகு எல்லாரும்.

நான்காம் வரியின் முடிவில் நீளமான சுரம் ஒன்று உண்டு. எங்கள் சபை அதைப் பாதியில் விட்டுவிட்டு ஆளுக்கொரு நேரத்தில் மூச்சு வாங்கும். தொண்டை இருந்த காலத்தில் நான் அவர்களை அங்கே பிடித்து நிறுத்துவேன். பிறகு யாரும் நிறுத்தவில்லை. முழங்காலைத் தள்ளிச் சுரத்தை ஏற்றிப் பிடித்தேன். சிலர் விட்டார்கள். விட்டவர்கள், நான் விடவில்லை என்று கண்டு திரும்ப வந்து சேர்ந்தார்கள். மொத்தச் சபையும் அந்தச் சுரத்தில் என்னோடு நின்றது. நான் கம்பியை உள்ளங்கையால் அடக்கினேன். அத்தனை பேரும் சேர்ந்து மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு கையும் வேலையில் இருந்ததால் கண்ணைத் துடைக்க வழியில்லை. அப்படியே அடுத்த சரணத்தை எடுத்துக் கொடுத்தேன்.